இரண்டு அதிர்வெண், ஒரே நடுக்கம்: இரட்டை அதிர்வெண் குறைக்கடத்தி லேசரில் இரைச்சல்

லேசர் என்றாலே பிசிறில்லாத ஒளி, ஒரே அதிர்வெண், ஒரே கட்டம் என்று பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். அந்தப் பிள்ளைகள் எம்.எஸ்சி.க்கு வந்த பிறகு 'லேசர் இரைச்சல்' என்று பாடத்தை ஆரம்பித்தால் விழிக்கிறார்கள். தருமபுரியில் நான் பாடம் எடுக்கும் கல்லூரியில் இந்த வருடமும் அதே கதைதான். ஓசூரில் லேசரால் தகடு வெட்டும் பட்டறை ஒன்றில் விடுமுறைக்கு வேலை பார்த்துவிட்டு வந்த பாலக்கோட்டுப் பையன் கேட்டான்: "சார், எங்க பட்டறை லேசர்ல ஒளி கொஞ்சம் ஆடினா என்ன, ஆடாட்டி என்ன? தகடு வெட்டுதுங்களே?"

நியாயமான கேள்விதான். இரும்புத் தகட்டுக்கு வெப்பம் போய்ச் சேர்ந்தால் போதும். லேசரின் திறன் நொடிக்குப் பல லட்சம் முறை கொஞ்சம் ஏறி இறங்கினாலும் தகட்டுக்குத் தெரியப்போவதில்லை. (அந்தப் பட்டறையின் ஃபைபர் லேசருக்குள் ஒளியூட்டிக்கொண்டிருப்பவை வரிசையாக வைத்த குறைக்கடத்தி லேசர்கள்தான் என்பது அவனுக்குப் புதுச் செய்தி.) ஆனால் லேசரை வைத்து வெட்டாமல் அளக்கிற வேலைகளும் இருக்கின்றன. அங்கே அந்தச் சின்ன ஆட்டம்தான் முழுத் தலைவலி. அதிலும் ஒரே லேசரிலிருந்து இரண்டு அதிர்வெண்களை எடுத்து, அவற்றின் வித்தியாசத்தைப் பயன்படுத்தும்போது கதை சுவையாகிறது. இங்கே அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

எது ஆடுகிறது, ஏன் ஆடுகிறது

காதில் கேட்கிற சத்தத்தைப் பற்றி இங்கே பேச்சில்லை. நிலையாக இருக்க வேண்டிய ஓர் அளவு, முன்கூட்டிச் சொல்ல முடியாதபடி ஏறி இறங்கினால் அது இரைச்சல். லேசரில் இரண்டு அளவுகள் இப்படி ஆடும். ஒன்று ஒளியின் செறிவு, அதாவது எவ்வளவு பிரகாசம் என்பது. இன்னொன்று அலையின் கட்டம். அலை இந்தக் கணத்தில் முகட்டில் இருக்கிறதா, பள்ளத்தில் இருக்கிறதா என்பதில் வரும் தடுமாற்றம் அது. கட்டம் தடுமாறினால் அதிர்வெண்ணும் தடுமாறுகிறது என்றுதான் அர்த்தம். இரண்டும் ஒன்றையே வேறு விதமாகச் சொல்வதுதான்.

இந்தத் தடுமாற்றத்தில் ஒரு பங்கு இயற்கையே வைத்தது. லேசருக்குள் ஒளியைப் பெருக்குவது தூண்டு உமிழ்வு: ஒரு போட்டான் வந்து, தன்னை அப்படியே ஒத்த இன்னொரு போட்டானை வெளியே கொண்டுவருகிறது. ஆனால் அதே இடத்தில் எலக்ட்ரான்கள் எந்தத் தூண்டுதலும் இல்லாமல் தாமாகவும் ஒளியை உமிழ்கின்றன. அப்படித் தன்னிச்சையாகப் பிறக்கும் போட்டானின் கட்டம் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். அது லேசர் ஒளியோடு கலக்கும்போது மொத்தக் கட்டத்தை ஒரு துளி முன்னாலோ பின்னாலோ தள்ளிவிடும். எவ்வளவு நல்ல கருவி செய்தாலும் இதை முழுவதும் ஒழிக்க முடியாது. மெய்மன் 1960-ல் ரூபி லேசரை ஒளிரச் செய்வதற்கு முன்பே, 1958-ல், ஷாலோவும் டவுன்ஸும் தங்கள் கட்டுரையில் இந்தக் குறைந்தபட்சத் தடுமாற்றத்தைக் கணக்கிட்டுவிட்டார்கள். குறைக்கடத்தி லேசர் வந்தது 1962-ல்.

மற்ற காரணங்கள் நம் கைக்குள் வருபவை. லேசருக்கு ஆற்றல் ஊட்டும் பம்ப் ஆடும். கண்ணாடிகள் அதிரும். வெப்பநிலை ஏறி இறங்கும். பக்கத்து அறையில் தண்ணீர் மோட்டார் ஓடினால் அதுவும் கணக்கில் வரும்; எங்கள் ஆய்வகத்தில் இதற்குச் சாட்சிகள் நிறைய.

இரண்டு அதிர்வெண் எதற்கு

சீசியம் அணுவின் அடிமட்ட ஆற்றல் நிலை மிக நெருக்கமான இரண்டு மட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் இடையிலான தாவலின் அதிர்வெண் 9,192,631,770 ஹெர்ட்ஸ். 1967-ல் ஒரு நொடிக்கு வரையறை கொடுத்தது இந்த எண்ணை வைத்துத்தான். இந்த இரண்டு மட்டங்களிலிருந்தும் மேலே உள்ள ஒரே மட்டத்துக்கு அணுவைத் தூக்கும்படி இரண்டு ஒளிகளை ஒரே நேரத்தில் பாய்ச்சினால் ஒரு வேடிக்கை நடக்கும். இரண்டு ஒளிகளின் அதிர்வெண் வித்தியாசம் மேலே சொன்ன எண்ணுக்குச் சரியாகப் பொருந்தும் கணத்தில் அணுக்கள் ஒளியை உட்கவர்வதை ஏறக்குறைய நிறுத்திவிடும். ஒளி தாராளமாகக் கடந்துபோகும். அந்தப் பொருத்தத்தைப் பிடித்துவைத்துக்கொண்டால் கையில் ஒரு அணுக் கடிகாரம் இருக்கிறது.

கடிகாரம் அவ்வளவு துல்லியமாக யாருக்கு வேண்டும் என்று கேட்டால், தொப்பூர் கணவாயில் இறங்குகிற லாரிக்கே வேண்டும். அதன் ஜிபிஎஸ் கருவி, வானில் சுற்றும் செயற்கைக்கோள்களிலுள்ள அணுக் கடிகாரங்களை நம்பித்தான் இடத்தைச் சொல்கிறது. நேரத்தில் 1 மைக்ரோ நொடி பிசகினால் தூரத்தில் 300 மீட்டர் பிசகும். வண்டி எந்த வளைவில் நிற்கிறது என்றே தெரியாமல் போகும். செயற்கைக்கோள்களில் இப்போது வழக்கமாகப் பறப்பவை வேறு வகைக் கடிகாரங்கள். இரட்டை அதிர்வெண் லேசரைக் கொண்டு கையடக்கமான கடிகாரம் செய்வது தனி முயற்சி.

இன்னொரு பயன் ரேடாரில். நுண்ணலைச் சமிக்ஞையைச் செப்புக் கம்பியில் தூரமாக அனுப்பினால் வழியிலேயே கரைந்துபோகும். கண்ணாடி இழையில் 1.55 மைக்ரோமீட்டர் ஒளிக்கு இழப்பு கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெல் அளவுதான். ஆகவே வேண்டிய நுண்ணலை அதிர்வெண் அளவுக்கு வித்தியாசம் உள்ள இரண்டு ஒளிகளை இழையில் அனுப்பி, மறுமுனையில் ஒரு போட்டோ டயோடின் மேல் விழவைத்தால் போதும். டயோடின் மின்னோட்டம் அந்த வித்தியாச அதிர்வெண்ணில் துடிக்கும். மேல்நிலை வகுப்பு இயற்பியலில் 256 ஹெர்ட்ஸ், 260 ஹெர்ட்ஸ் இசைக்கவைகளை வைத்து நொடிக்கு 4 விம்மல்கள் என்று கணக்குப் போட்டோமே, அதே விம்மல்தான். இங்கே அது ஒளியில்.

அளவுகளைக் கொஞ்சம் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். சீசியத்துக்கான 852 நானோமீட்டர் ஒளியின் அதிர்வெண் சுமார் 352 டெராஹெர்ட்ஸ். நமக்கு வேண்டிய வித்தியாசம் 9.19 கிகாஹெர்ட்ஸ், அதில் ஏறக்குறைய 38,000-ல் ஒரு பங்கு. அலைநீளத்தில் சொன்னால் இரண்டுக்கும் இடைவெளி 0.02 நானோமீட்டர். இவ்வளவு பெரிய இரண்டு எண்களைக் கழித்து இவ்வளவு சிறிய மீதியை எடுக்கும்போது, பெரிய எண்களில் உள்ள நடுக்கம் மீதியை விழுங்கிவிடாதா என்பதுதான் கேள்வி.

ஒரு பரிசலா, இரண்டு பரிசலா

ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியவர்களுக்கு இது உடனே புரியும். நீங்கள் ஒரு பரிசலிலும் உங்கள் தம்பி இன்னொரு பரிசலிலும் இருந்தால், காவிரியின் ஒவ்வொரு சுழிப்பும் உங்கள் இருவருக்கும் நடுவே உள்ள தூரத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். இருவரும் ஒரே பரிசலில் ஏறிவிட்டால் பரிசல் என்ன குதி குதித்தாலும், சுற்றினாலும், நடுவே உள்ள தூரம் அப்படியே இருக்கும். கரையிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு பேரும் பயங்கரமாக ஆடுகிறார்கள். ஒருவரிடமிருந்து இன்னொருவரைப் பார்த்தால் ஆட்டமே இல்லை.

தனித்தனி லேசர்கள் இரண்டை எடுத்து அவற்றின் ஒளியைக் கலப்பது முதல் வகை. ஒரே லேசர் குழிக்குள் இரண்டு அதிர்வெண்களையும் ஓடவிடுவது இரண்டாவது வகை. எண்களால் பார்த்துவிடலாம். எதிரெதிரே கண்ணாடிகள் வைத்த குழியின் நீளம் 5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஏதோ ஓர் அதிர்வில் அந்த நீளம் 1 நானோமீட்டர் மாறுகிறது. நீளத்தில் 5 கோடியில் ஒரு பங்கு. குழிக்குள் நிற்கும் ஒளியின் அதிர்வெண்ணும் அதே விகிதத்தில் மாறும்: 352 டெராஹெர்ட்ஸில் 5 கோடியில் ஒரு பங்கு என்றால் சுமார் 7 மெகாஹெர்ட்ஸ். கடிகாரத்துக்கு இது பேரிடர்.

ஆனால் இரண்டு அதிர்வெண்களும் அதே குழியில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே 7 மெகாஹெர்ட்ஸ் நகரும். வித்தியாசம் எவ்வளவு மாறும்? 9.19 கிகாஹெர்ட்ஸில் 5 கோடியில் ஒரு பங்கு. ஏறக்குறைய 184 ஹெர்ட்ஸ்! மெகாவிலிருந்து நூற்றுக்கணக்குக்கு வந்துவிட்டோம். இது இலட்சிய நிலைக் கணக்கு. இரண்டு ஒளிகளும் குழிக்குள் கடக்கும் ஒளிப்பாதை நீளம் துளியும் வேறுபடாதிருந்தால்தான் இவ்வளவு நன்றாக அடிபடும். நடைமுறையில் அந்தப் பாதைகள் கொஞ்சம் வேறுபடும். அதனால் மிச்சம் 184 ஹெர்ட்ஸைவிடப் பெரிதாகவே இருக்கும். இருந்தாலும் 7 மெகாஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் சொற்பம்.

இந்த விஷயத்தைப் புள்ளியியல் மொழியில் ஒரே வரியில் எழுதலாம். இரண்டு அளவுகள் சமமாக ஆடுகின்றன, இரண்டுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு (எவ்வளவு சேர்ந்து ஆடுகின்றன என்பதை −1 முதல் 1 வரை சொல்லும் எண்) ஒரு குறிப்பிட்ட மதிப்பு என்றால், வித்தியாசத்தின் விலக்க வர்க்கச் சராசரி = 2 × (ஒன்றின் விலக்க வர்க்கச் சராசரி) × (1 − ஒட்டுறவுக் கெழு). கெழு பூஜ்யம் என்றால், அதாவது இரண்டும் தத்தம் போக்கில் ஆடினால், வித்தியாசத்தின் இரைச்சல் தனி ஒன்றைப் போல 2 மடங்கு. கெழு 0.9 என்றால் அதில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும், அதாவது 10 டெசிபெல் குறைவு. 0.99 என்றால் 20 டெசிபெல் குறைவு. சரி, கெழு −1 என்றால்? ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்கினால் வித்தியாசத்தின் இரைச்சல் 4 மடங்கு. தொடர்பே இல்லாமல் இருப்பதைவிட மோசம்.

இரட்டை அதிர்வெண் லேசரில் இரைச்சல் பற்றி எழுதப்பட்டவை எல்லாவற்றையும் இந்த ஒரு வரியை வைத்தே படிக்கலாம் என்பது என் எண்ணம். ஒவ்வொன்றும் எவ்வளவு ஆடுகிறது என்று கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும். சேர்ந்து ஆடுகின்றனவா என்றும் கேட்க வேண்டும்.

ஒரே பரிசலில் இடத்துக்குச் சண்டை

ஒரே குழிக்குள் இரண்டையும் வைப்பது எளிது என்று நினைத்துவிடக் கூடாது. குறைக்கடத்திச் சில்லுக்குள் ஒளியைப் பெருக்கும் எலக்ட்ரான்களும் துளைகளும் (எலக்ட்ரான் இல்லாத காலி இடங்கள்) ஒரு பொதுக் கையிருப்பு. இரண்டு அதிர்வெண்களும் அதே இடத்தில் அதே கையிருப்பைச் சாப்பிட்டால், எதற்குக் கொஞ்சம் வாய்ப்பு அதிகமோ அது மற்றதைப் பட்டினி போட்டு அணைத்துவிடும். ஒரே அதிர்வெண் மட்டும் மிஞ்சும்.

இந்தப் போட்டியின் கடுமையை ஓர் எண்ணால் சொல்வார்கள்; பிணைப்பு மாறிலி என்று வைத்துக்கொள்வோம். லேம்ப் 1964-ல் கொடுத்த லேசர் கோட்பாட்டிலிருந்து வருவது இது. மாறிலி 0 என்றால் ஒன்றுக்கொன்று தொந்தரவே இல்லை. 1-க்குக் கீழே இருக்கும்வரை இரண்டும் ஒன்றாக வாழலாம். 1-ஐத் தாண்டினால் ஒன்றுதான் பிழைக்கும்.

வழி என்ன? குழிக்குள் இரட்டை ஒளிவிலகல் கொண்ட ஒரு படிகத்தை வைக்கிறார்கள். இட்ரியம் வனடேட் போன்றது. அது ஒன்றுக்கொன்று செங்குத்தான தளவிளைவு (ஒளி அலை அதிரும் திசை) கொண்ட இரண்டு கதிர்களையும் ஒன்றிலிருந்து ஒன்று சற்றுத் தள்ளிவிடும். இதனால் சில்லின் மேல் இரண்டு கதிர்களும் சில பத்து மைக்ரோமீட்டர் இடைவெளியில் தனித்தனிப் புள்ளிகளில் விழும். வெளிக் கண்ணாடிக்குப் போய்ச் சேரும்போது மறுபடி ஒன்றாகிவிடும். கையிருப்பு ஓரளவு பிரிந்துவிட்டதால் சண்டை தணிகிறது. முன்பு சொன்ன பாதை வேறுபாடு இந்தப் படிகத்தால் வருவதுதான்.

இரண்டும் அணையாமல் எரிகின்றன என்பதோடு வேலை முடியவில்லை. பிணைப்பு 1-க்குக் கீழே ஆனால் நெருக்கத்தில் இருந்தால், திறன் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மெதுவாகச் சாய்ந்து சாய்ந்து திரும்பும். ஒன்று கூடும்போது மற்றது குறையும். கெழு −1 பக்கம் போகிறது. இதில் ஒரு பொறி இருக்கிறது, மாணவர்கள் இதில்தான் விழுவார்கள். மொத்த ஒளியை ஒரே டிடெக்டரில் பிடித்து அளந்தால் ஏற்றமும் இறக்கமும் அடிபட்டு, லேசர் அற்புதமான அமைதியில் இருப்பது போலத் தெரியும். தளவிளைவுப் பிரிப்பானை வைத்து இரண்டையும் தனித்தனியாக அளந்தால்தான் உண்மை வெளியே வரும். மொத்தத்தில் அமைதி, விம்மலில் கூச்சல்.

ஒளி மெதுவாக வெளியேறினால் நல்லது

இங்கே குறைக்கடத்தி லேசருக்கே உரிய ஒரு சங்கடத்தைச் சொல்ல வேண்டும். கடைகளில் பார்கோடு படிக்கும் கருவியில் இருப்பது போன்ற சாதாரண லேசர் சில்லின் நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. முனைகள் ஒளியில் சுமார் 30 சதவீதத்தையே திருப்பி அனுப்புகின்றன. அதனால் ஒரு போட்டான் உள்ளே தங்கும் நேரம் சில பிகோ நொடிகள்தான். எலக்ட்ரான்-துளைக் கையிருப்பு நிலைத்திருக்கும் நேரமோ சில நானோ நொடிகள், அதாவது ஆயிரம் மடங்கு வரை நீளம். ஒளி வேகம், கையிருப்பு மெதுவு. இப்படி இருந்தால் கையிருப்பு கொஞ்சம் கூடியதும் ஒளி சட்டென்று எகிறும், எகிறிய ஒளி கையிருப்பைத் தின்று தீர்க்கும், ஒளி விழும், கையிருப்பு மறுபடி சேரும். சில கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இந்தத் துள்ளல் ஒரு பெரிய மேடாக இரைச்சல் வரைபடத்தில் நிற்கும். தளர்வு அலைவு என்று இதற்குப் பெயர். நமக்கு வேண்டிய விம்மலும் அதே கிகாஹெர்ட்ஸ் வட்டாரத்தில்தான் என்பது இன்னும் எரிச்சல். இந்த வகை லேசர்கள் பி வகுப்பு எனப்படுகின்றன.

இதைத் திருப்பிப்போட்டால்? ஒளியைக் கையிருப்பைவிட நீண்ட நேரம் உள்ளே தங்கவைத்தால் துள்ள வழியில்லை. அப்படிப்பட்டவை ஏ வகுப்பு. அதற்கு உதவுவது வெக்செல் எனப்படும் அமைப்பு. சில்லின் ஒரு பக்கத்தில் கண்ணாடி சில்லோடு சேர்ந்தே வளர்க்கப்பட்டிருக்கும். இன்னொரு கண்ணாடி வெளியே, சில சென்டிமீட்டர் தள்ளி, தனியாக நிற்கும். சில்லுக்கு மின்னோட்டம் கொடுப்பதற்குப் பதிலாகப் பெரும்பாலும் இன்னொரு லேசரின் ஒளியால் பம்ப் செய்வார்கள். இடையில் காலி இடம் இருப்பதால் படிகத்தை உள்ளே வைக்கவும் வசதி.

கணக்கைப் போடுங்கள். ஒளி 1 நானோ நொடியில் 30 சென்டிமீட்டர் போகும். 5 சென்டிமீட்டர் குழியில் போய்வர 10 சென்டிமீட்டர், 0.33 நானோ நொடி. ஒரு சுற்றுக்கு மொத்த இழப்பு 2 சதவீதம் என்றால் போட்டான் சராசரியாக 50 சுற்று தாங்கும். ஏறக்குறைய 17 நானோ நொடி. கையிருப்பின் சில நானோ நொடிகளைத் தாண்டிவிட்டோம். துள்ளல் மேடு மறைந்தே போகிறது. கூடுதல் லாபமாக, இந்த 17 நானோ நொடி ஒரு வடிகட்டியாகவும் வேலை செய்கிறது. பம்ப் ஆடும் ஆட்டத்தில் சுமார் 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட வேகமானவை ஒளிக்குப் போய்ச் சேருவதற்குள் தேய்ந்துவிடும். அதற்கு அப்பால் மிஞ்சுவது ஒளி மணி மணியாக வருவதால் டிடெக்டரில் எழும் அடிமட்ட இரைச்சல்தான்: 1 மில்லி ஆம்பியர் ஒளி மின்னோட்டத்துக்கு, ஒரு ஹெர்ட்ஸுக்கு −155 டெசிபெல் அளவு.

துள்ளல் இல்லாத இரட்டை அதிர்வெண் குறைக்கடத்தி லேசரை 2009-ல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் செய்துகாட்டினார்கள். 1 மைக்ரோமீட்டர் அலைநீளப் பகுதியில் வேலை செய்தது அது. சீசியத்துக்கான 852 நானோமீட்டரிலும், தொலைத்தொடர்புக்கான 1.55 மைக்ரோமீட்டர் பகுதியிலும் அடுத்தடுத்து வந்தன.

செறிவின் ஆட்டம் கட்டத்துக்குத் தொற்றுவது

இதுவரை செறிவைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். ஆனால் கடிகாரமும் ரேடாரும் கவலைப்படுவது விம்மலின் கட்டத்தைப் பற்றி. இரண்டுக்கும் என்ன உறவு?

குறைக்கடத்தியில் கையிருப்பு மாறினால் ஒளிப்பெருக்கம் மட்டும் மாறாது. பொருளின் ஒளிவிலகல் எண்ணும் மாறும். ஒளிவிலகல் எண் மாறினால் ஒளிக்குக் குழியின் நீளமே மாறியது போலாகும், அதிர்வெண் நகரும். ஆகவே கையிருப்பில் எழும் ஒவ்வொரு சலனமும் கட்டத்துக்கும் தொற்றுகிறது. 1980-களின் தொடக்கத்தில் குறைக்கடத்தி லேசர்களின் அதிர்வெண் அகலம், ஷாலோ-டவுன்ஸ் கணக்கைவிடப் பல பத்து மடங்கு அதிகமாக அளக்கப்பட்டபோது எல்லோருக்கும் குழப்பம். 1982-ல் சார்லஸ் ஹென்றி கொடுத்த விளக்கம் இந்தத் தொற்றுதான். அதன் வலிமையைச் சொல்லும் எண்ணுக்கு ஆல்ஃபா காரணி என்று பெயர். அகலம் (1 + ஆல்ஃபாவின் வர்க்கம்) மடங்கு கூடும். ஆல்ஃபா 5 என்றால் 26 மடங்கு. வாயு லேசர்களில் இது பொதுவாகப் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். குறைக்கடத்தியில் பிறவிக் குணம் போல.

விம்மலின் கட்டம் என்பது இரண்டு ஒளிகளின் கட்டங்களின் வித்தியாசம். எனவே இரண்டு புள்ளிகளிலும் கையிருப்பு சேர்ந்து ஏறி இறங்கினால் தொற்றிய கட்டமும் சமமாக இருந்து, கழித்தலில் அடிபடும். எதிரெதிராக ஆடினால் கூடும். பழைய சூத்திரம் இங்கேயும் வந்து நிற்கிறது.

மெதுவான இரைச்சலில், அதாவது கிலோஹெர்ட்ஸ் பக்கத்திலும் அதற்குக் கீழும், வெப்பமும் நுழைகிறது. பம்ப் கொஞ்சம் கூடினால் சில்லு சூடேறும், ஒளிவிலகல் எண் மாறும், அதிர்வெண் நகரும். வெப்பம் பரவ நேரம் ஆகும் என்பதால் வேகமான பம்ப் ஆட்டத்துக்கு இது ஈடுகொடுக்காது. மெதுவான ஆட்டத்துக்குத் தாராளமாக ஈடுகொடுக்கும். விம்மலின் கட்ட இரைச்சலை வரைந்தால் இடது ஓரத்தில் மலை போல எழுவதில் இதற்குப் பெரிய பங்கு.

இப்போது ஒரு தர்மசங்கடம் புலப்பட வேண்டும். சண்டையைத் தணிக்க இரண்டு கதிர்களையும் சில்லின் மேல் தள்ளித் தள்ளி வைத்தோம். அப்படித் தள்ளினால் இரண்டுக்கும் கிடைக்கும் பம்ப் ஒளி ஒரே பம்ப் கற்றையின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து வருகிறது. பம்ப் ஒளியைப் பலபாதை இழை வழியாகக் கொண்டுவந்தால் அந்தக் கற்றையின் குறுக்கே வெளிச்சத் திட்டுகள் இருக்கும். அவை இடத்துக்கு இடம் தனித்தனியாக மினுங்கும். விளைவு, இரண்டு அதிர்வெண்களுக்கும் போகிற பம்ப் இரைச்சல் ஒன்றுபோல இல்லாமல் போய்விடுகிறது, ஒட்டுறவுக் கெழு சரிகிறது. நெருக்கி வைத்தால் சண்டை; பிரித்து வைத்தால் இரண்டும் தத்தம் போக்கில்.

இதற்குக் கண்ட தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது, அவ்வளவு நேரடியானது. ஒற்றைப்பாதை இழை வழியாக வரும் ஒரே பம்ப் லேசரை எடுத்து, அதை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒன்றாகக் கொடுத்துவிடுவது. ஒற்றைப்பாதை இழையில் திட்டுகள் கிடையாது, மூலம் ஒன்றே. ஆகவே பம்ப் ஆடினாலும் இரண்டு புள்ளிகளிலும் ஒரே கணத்தில் ஒரே அளவில் ஆடும். பம்பின் இரைச்சலை ஒரு டெசிபெல்கூடக் குறைக்காமலே, விம்மலின் இரைச்சல் பெருமளவு இறங்குகிறது. அமைதியான பம்ப் கிடைத்தால் நல்லது, ஆனால் விலை அதிகம். ஒன்றையே இரண்டாகப் பிரிப்பதற்குச் சில ஒளியியல் துண்டுகள் போதும். பிரித்த இரண்டும் சமமாக இருக்க வேண்டும், சில்லின் இரண்டு புள்ளிகளும் ஒரேபோல் பெருக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் உண்டு. சமன் குலைந்தால் கழித்தலில் மிச்சம் விழும்.

அப்படியும் மிஞ்சுகிற மெதுவான தடுமாற்றத்துக்கு மின்னணுவியல் இருக்கிறது. விம்மலை ஒரு நல்ல குவார்ட்ஸ் அலையியற்றியிலிருந்து எடுத்த சமிக்ஞையோடு ஒப்பிட்டு, பிழைக்கு ஏற்பக் குழிக்குள் வைத்த மின்-ஒளியியல் படிகத்தின் மின்னழுத்தத்தை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். கட்டப் பூட்டுச் சுற்று என்று மின்னணுவியல் தாளில் படித்தது இதுதான். வெப்பத்தால் வரும் மெதுவான மலையை இது நன்றாகவே மட்டப்படுத்தும். ஆனால் சுற்றின் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு மேலே தன்னிச்சை உமிழ்வாலும் எதிரெதிர் ஆட்டத்தாலும் வருகிற வேகமான இரைச்சலைப் பூட்டுச் சுற்றால் தொடவே முடியாது. அந்தப் பகுதியில் லேசர் எப்படிக் கட்டப்பட்டதோ அப்படித்தான் நடந்துகொள்ளும். அதனால்தான் குழியின் நீளத்தையும் படிகத்தின் தடிமனையும் புள்ளிகளின் இடைவெளியையும் முதலிலேயே சரியாகத் தேர்ந்தெடுப்பதற்கு இவ்வளவு மெனக்கெடுகிறார்கள்.